மூன்றாவது சுற்றுக்கு ஆளில்லை

1999 டிசம்பரில் மொன்றியலின் 940 அலைவரிசையில் ஓர் ஆங்கில வானொலி தொடங்கியது: ‘940 நியூஸ்’. பாட்டு இல்லை, அரட்டை இல்லை. நாள் முழுக்கச் செய்தி. அதன் பிரெஞ்சு உடன்பிறப்பான ‘இன்ஃபோ 690’ம் அப்போதே பிறந்தது. இரண்டும் அமர்ந்தது, கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. பண்பலைக்குப் போனபோது காலிசெய்த 50,000 வாட் அலைவரிசைகளில்.

செய்தி, வானிலை, போக்குவரத்து, மறுபடி செய்தி என்று சுழலும் இந்த வடிவத்தை நியூயார்க்கின் வின்ஸ் வானொலி 1965 முதல் நடத்திவந்தது. 22 நிமிடத்தில் உலகத்தையே சொல்லிவிடுவதாக அது விளம்பரமும் செய்தது. கனடாவில் சி.கே.ஓ. வலையமைப்பு 1977இல் இதே வழியில் இறங்கி 1989இல் படுத்தது. டொரொண்டோவின் ‘680 நியூஸ்’ மட்டும் 1993 முதல் நிலைத்தது.

மொன்றியலில் இந்தச் சுழற்சியைக் கேட்ட ஒருவரை எண்ணிப்பாருங்கள். இல்-பிசார் தீவிலிருந்து மொன்றியலுக்குச் சாலைவழி ஒன்றே, ழாக்-பிசார் பாலம். காலை ஏழரைக்கு அதில் ஊர்ந்துகொண்டிருப்பவருக்குப் பாலத்தில் நெரிசல் என்று வானொலி சொல்லித் தெரியவேண்டியதில்லை. நகர மையத்தை எட்டுவதற்குள் அதே தீவிபத்தும் அதே குளிரளவும் மூன்றாம் முறை வந்துவிடும். அதற்குமுன் கை 800 அலைவரிசைக்குத் திரும்பியிருக்கும், அங்கே சி.ஜே.ஏ.டி. நிலையத்தில் மனிதர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், செய்தியும் இருக்கும்.

குறை செய்தி வாசித்தவர்களிடம் இல்லை, வடிவத்தில். ஒரு நிலையத்தின் நேயர் பங்கு, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. வந்தவரை இருபது நிமிடத்தில் வழியனுப்பும் வடிவம் அந்தக் கணக்கில் தோற்கவே செய்யும். டொரொண்டோ போன்ற பெருநகரில் வந்துபோகும் கூட்டமே போதும். ஆங்கிலம் சிறுபான்மையான மொன்றியலில் அது கட்டுப்படியாகவில்லை. செய்தியறையின் சம்பளச் செலவோ, பாட்டுப் போடும் நிலையத்தின் செலவைவிட எப்போதும் அதிகம்.

2005இல் 940இல் பேச்சு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2008இல் செய்தியையே விட்டு, ‘940 ஹிட்ஸ்’ என்று பழைய பாட்டுக்குத் தாவினார்கள். பேர் மாறியது, பங்கு மாறவில்லை. (முதலிலேயே பாட்டைச் சேர்த்திருக்கலாமே என்பவர்கள், நேயர் பாட்டுக்காக எப்போதோ பண்பலைக்குப் போய்விட்டதை மறக்கிறார்கள்.)

2010 ஜனவரி 29 அன்று உரிமையாளரான கோரஸ் நிறுவனம் 940ஐயும் 690ஐயும் ஒரே நாளில் மூடியது. எக்ஸ்.டபிள்யூ.ஏ. என்ற பெயரில் மார்க்கோனி நிறுவனம் உரிமம் பெற்ற, உலகின் மிகப் பழைய நிலையங்களுள் ஒன்றின் வாரிசு அந்த 940.