காசு இரும்புக்கு இல்லே, சூட்டுக்கு

"காயலாங்கடையிலே எடைக்கு வாங்குற பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதானே, அதுல அடிச்ச அருவாளுக்கு இவ்வளவு ரூபாயா?" மாடித் தோட்டம் போடுறவங்களும், ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டவங்களும் எங்க நாரணாபுரம் பக்கம் வந்தா கொல்லுப்பட்டறை வாசல்ல நின்னு கேக்குற கேள்வி இது. பாதி விலைக்குக் கேட்டுட்டு, அதே ஆசாரியை உலை முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்து "பாரம்பரியம்"னு போடுறதும் அவங்கதான். ரெண்டுமே எனக்குப் பிடிக்கலே.

நீங்க காசு குடுக்கிறது இரும்புக்கு இல்லே, சூட்டுக்கு.

பட்டையை வெட்டி, சீமைக்கருவேலங் கரியிலே காய்ச்சி, சம்மட்டியாலே அடிச்சு வளைக்கிறது பாதி வேலைதான். அப்போ அதுக்கு அருவாள் உருவம் இருக்கும், அருவாள் குணம் இருக்காது. அதுக்கப்புறம்தான் தோய்ச்சல். வாய்ப்பக்கத்தை சுமார் 850 டிகிரிக்குச் சூடேத்தி எண்ணெயிலே முக்கணும். சூடு பத்தலேன்னா வாய் கெட்டிப்படாது. கூடிப் போச்சுன்னா உள்ளே மணிமணியா பருத்து, கண்ணாடி மாதிரி உடையும். முக்கினதை அப்படியே குடுத்தாலும், கருவேல முடிச்சுல விழுற முதல் வெட்டுலேயே வாய் தெறிச்சிடும். அதனால தேய்ச்சு வெளுப்பாக்கிட்டு, திரும்ப லேசா அனல் காட்டணும். வைக்கோல் நிறம் வரும், பழுப்பாகும், ஊதாவாகும், நீலமாகும். வேண்டிய நிறத்துல நிறுத்தணும். வைக்கோல் நிறத்துக்கும் நீலத்துக்கும் நடுவுல நூறு டிகிரி கூடக் கிடையாது. அசந்தா போச்சு.

இது என்ன பெரிய வித்தைன்னு நினைச்சா அமெரிக்க ராணுவத்தோட கதையைக் கேளுங்க. அவங்க ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையிலே 1903 மாடல் துப்பாக்கி செஞ்சாங்க. 1917ல சில துப்பாக்கி சுடும்போதே வெடிச்சுச்சு. தோட்டா உக்கார்ற இடத்தைத் தாங்குற இரும்புக் கூடு சிதறிப் போச்சு. வேலை செஞ்சவங்க பழகின ஆளுங்கதான். ஆனா சூட்டை நிறம் பாத்தே முடிவு பண்ணியிருக்காங்க. வெயில் நாள்ல பழுத்த இரும்பு ஒரு மாதிரி தெரியும், மூட்டமான நாள்ல வேற மாதிரி தெரியும். கருவி வச்சு அளந்தப்போ, சரின்னு நினைச்ச சூடு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் கூடுதலா இருந்திருக்கு. அந்த ஆலையிலே 8 லட்சத்துக்குக் கீழே எண் போட்ட துப்பாக்கி எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாச்சு. 1918ல செய்முறையையே மாத்தினாங்க. பழசைத் திரும்பச் சூடு பண்ணித் திருத்தலாமான்னும் பாத்தாங்க, நம்புற மாதிரி வரலே. பழைய ராணுவத் துப்பாக்கியை வாங்கி தன் இஷ்டத்துக்கு மாத்திக்கிறவங்க அங்கே இன்னைக்கும் முதல்ல பாக்குறது அந்த எண்ணைத்தான்.

"அப்போ கண்ணை நம்பக் கூடாதுன்னுதானே ஆச்சு, ஆசாரி எதுக்கு?"ன்னு கேப்பீங்க. கண்ணு ஏமாத்தும்னு ஆசாரிக்கு நல்லாவே தெரியும். பட்டறை இருட்டா இருக்கிறது அதுக்குத்தான். ஓலையை இறக்கிக் கட்டி வெளிச்சத்தை மறைச்சுத்தான் தோய்ச்சல் போடுவாரு. காந்தம் ஒட்டுதா, விட்டுடுச்சான்னு பாப்பாரு. வாயிலே அரத்தை இழுத்துப் பாப்பாரு. அதையும் மீறித் தப்பினா, "அண்ணே, வாய் மடங்குது"ன்னு மறுநாளே கொண்டு போய்ப் போடலாம். ஆன்லைன்ல வாங்கின அருவாளை யார்கிட்டே கொண்டு போவீங்க? சூடு அளக்குற கருவி வேண்டாம்னு நான் சொல்லலே, வேணும். அதை வாங்குற அளவுக்கு அவருக்கு வெலை குடுங்கன்னுதான் சொல்றேன். உங்க போட்டோவை வச்சு அவரு கரி கூட வாங்க முடியாது.

எங்க பக்கம் பட்டறைப் பிள்ளைங்க பட்டாசு ஆலைக்கும் அச்சாபீசுக்கும் போறாங்க. வாரச் சம்பளம் கைக்கு வருது, யார் பேரத்தையும் கேக்க வேண்டியதில்லே. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்லே. ஆனா பட்டாசு மருந்து வேலையிலே பொறி பறக்கும்னு இரும்புக் கருவியையே அண்ட விட மாட்டாங்க. இரும்போட பொறந்து வளர்ந்த கை அங்கே போய் அந்த வேலையை மறந்துடும். அப்புறம் எங்க மம்பட்டிக்கும் கோடாலிக்கும் கதிரருவாளுக்கும் மறு தோய்ச்சல் போட யார் இருக்கா? தேஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசுதான் வாங்கணும். அந்தச் செலவும் சம்சாரி தலையிலேதான்.

இன்னொண்ணு. தாத்தா அருவாள்னு பரண்ல இருந்து எடுத்து கிரைண்டர் மெஷின்ல வச்சுத் தேய்க்காதீங்க. வாய் நீலமா மாறுச்சுன்னா அந்த இடத்துல தோய்ச்சல் போச்சு. ஆசாரிகிட்டே குடுத்துச் சரிபண்ணுங்க, தண்ணி விட்டு சாணை பிடிங்க. அடுத்த தடவை பட்டறைக்கு வந்தா இரும்பு எடை எவ்வளவுன்னு கேக்காம, தோய்ச்சல் எப்படின்னு கேளுங்க. அவரு சொல்ற வெலை ஏன்னு அப்போ விளங்கும்.