ஆது கூட்டத்தார் எலும்பும் பாலசினோர் முட்டையும்

சென்ற மாதம் மாலை மத்ரஸா முடிந்த வேளையில் மகனை அழைத்துச் செல்ல வந்த ஒரு தந்தை, கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். ஐம்பதை நெருங்கும் வணிகர். "ஹஸ்ரத், இதப் பாருங்க. பாலைவனத்துல ஆது கூட்டத்தாரோட எலும்பு கெடச்சிருக்காம்" என்றார். படத்தில் ஒரு குழி. அதில் மாபெரும் மனித எலும்புக்கூடு. ஓரத்தில் கடுகளவாய்ச் சில மனிதர்கள். பத்து வயது மகன் எட்டிப் பார்த்து, "அத்தா, அது டைனோசரா?" என்று கேட்டான். "டைனோசரெல்லாம் சின்னப்புள்ள வெளையாட்டு. நீ பைய எடு" என்று அதட்டினார் தந்தை.

தந்தையின் கண்ணிலும் மகனின் கண்ணிலும் அப்போது இருந்தது ஒரே வியப்புத்தான். அதை வெளிப்படையாகச் சொல்லப் பிள்ளைக்கு வெட்கமில்லை. பெரியவருக்கோ மார்க்கத்தின் போர்வை ஒன்று தேவைப்பட்டது. அந்தப் போர்வை பொய்யாக இருந்ததே நம் வருத்தம்.

அந்தப் படம் 2002-இல் இணையத்தில் நடந்த ஒரு படப் போட்டிக்காகக் கணினியில் ஒட்டிச் செய்யப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க் என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வுப் படமே அதன் அடித்தளம். மெய்யான அந்தக் குழியில் கிடைத்தது மாஸ்டோடான் என்னும் விலங்கின் எலும்பு. யானைக்கு உறவான, இன்று அழிந்துபோன இனம். அல்லாஹ் படைத்த மெய்யான பேருருவத்தை மறைத்துவிட்டு, அதன்மேல் நாம் ஒரு பொய்யை ஒட்டி வைத்து 'சுப்ஹானல்லாஹ்' என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம். ஆது கூட்டத்தாரின் வரலாற்றை நம்புவதற்கு நமக்குக் குர்ஆன் போதாதா? செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் ஏவுவதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தும் நாமே, ஓராண்டுக்கு முன் அதே படத்தை யாரோ அனுப்ப, மறுக்காமல் வாளாவிருந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டைனோசர் சிறுவர் விஷயம் என்பதும் சரியன்று. 1842-இல் ரிச்சர்ட் ஓவன் அப்பெயரைச் சூட்டிய நாள்முதல் அதில் மயங்கியவர்கள் பெரியவர்களே. 1853 டிசம்பர் 31 இரவு, லண்டனில் இகுவானடான் உருவம் வார்ப்பதற்கான அச்சுக்குள் மேசை போட்டு அறிஞர்கள் விருந்துண்டனர். தாடி வைத்த கனவான்கள் ஒரு பல்லியின் வயிற்றுக்குள் அமர்ந்து சூப் அருந்திய காட்சியை எண்ணினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் அவர்கள்மீது ஒரு பிரியமும் பிறக்கிறது.

நம் நாட்டிலேயே அத்தகைய ஒருவர் இருக்கிறார். குஜராத்தின் பாலசினோர், ஒரு காலத்தில் பாபி வம்ச நவாபுகள் ஆண்ட சமஸ்தானம். அதன் அருகிலுள்ள ரையோலியில் 1980-களின் தொடக்கத்தில் புவியியல் ஆய்வாளர்கள் எலும்புகளையும் முட்டைகளையும் கண்டெடுத்தனர். அங்கு கிடைத்த ஊனுண்ணி ஒன்றுக்கு 2003-இல் 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். அந்த நவாபு குடும்பத்தில் பிறந்த சகோதரி ஆலியா சுல்தானா பாபி, பல்லாண்டுகளாக அவ்விடத்தைக் காக்கவும் வருவோருக்கு விளக்கவும் தம் உழைப்பைச் செலவிடுகிறார். கிராமத்து மூதாட்டி ஒருவர் மசாலா அரைக்க வைத்திருந்த உருண்டைக் கல்லைக் கண்டு, அது டைனோசர் முட்டை என்று அவர் இனங்கண்டுகொண்டது பலரும் அறிந்த செய்தி. குழவி என்று எண்ணிய கல்லுக்கு ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது!

தமிழகத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980-களின் இறுதியில் 'புருகத்காயோசாரஸ்' என்னும் உயிரினம் அறிவிக்கப்பட்டது. பேருடல் பல்லி என்று பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் என்று பதிவு செய்தனர். அவ்வெலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப் போயின. உண்மையிலேயே அவ்வளவு பெரிய விலங்குதானா, அன்றிக் கல்லாய்ப் போன மரத்தண்டா என்றுகூட அறிஞர்கள் வாதிட்டனர். எடுத்துப் பார்க்க எலும்பு இருந்திருந்தால் வாதம் எளிதில் முடிந்திருக்கும். மெய்யான எலும்பு மண்ணாகிப்போக, பொய்யான எலும்பு கைப்பேசிகளில் அழியாமல் வாழ்கிறது.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டைப் பாறைகள் வெளிப்பட்டபோதும், டைனோசர் முட்டை என்று செய்தி பரவிற்று. அவை அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரினத்தைச் சுற்றி உருவான படிவங்கள் என்று வல்லுநர்கள் விளக்கினர். ஏமாற்றம் எதற்கு? இன்று சோளமும் பருத்தியும் விளையும் அந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது முட்டையைவிடச் சிறிய செய்தியா?

"டைனோசர் குர்ஆனில் இருக்கிறதா?" என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. பெயர் கூறப்படவில்லை. எறும்பும் தேனீயும் யானையும் கூறப்பட்டுள்ளன. மயில் கூறப்படவில்லை. பெயர் வராத படைப்பும் அவனுடைய படைப்பே. இல்லாத வசனத்தை இழுத்துப் பொருத்தும் வேலை நமக்கு வேண்டாம். "சும்மா இரு" என்று கேள்வியின் வாயை மூடுவது அதைவிடத் தவறு. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைக் காணுமாறு அல்அன்கபூத் அத்தியாயம் ஏவுவது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, அவர்களுடைய அத்தாமார்களுக்கும்தான்.

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வரும் விடுமுறையில் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்ல இருப்பதாக அறிவித்தோம். இதுவரை பெயர் கொடுத்த பிள்ளைகள் ஒன்பது பேர், தந்தையர் பதினொருவர். அந்த வணிகரின் பெயர் முதலில் இருக்கிறது. "வண்டியில எடம் பத்தலேன்னா பையன அடுத்த தடவ கூட்டிட்டுப் போங்க" என்று அவர் சொன்னதை மகனிடம் நாம் இன்னும் கூறவில்லை.