கரைமணலிற் காவலன் யார்?

அகநானூற்றின் 160 ஆம் செய்யுளைப் பாடிய குமிழிஞாழலார் நப்பசலையார், கடலாமையின் ஒழுக்கமொன்றைக் காட்டுகின்றார். அடும்புக்கொடி படர்ந்த மணன்மேட்டிலே சூல்கொண்ட பெண்ணாமை முட்டைகளை இட்டுப் புதைத்துச் செல்கின்றது. அவை குஞ்சாகும்வரை ஆணாமை காத்து நிற்கின்றது. சைவ நூல்களோ, ஆமை தன் முட்டையை நினைந்தே பொரிக்கும் எனக் கொண்டு, மானத தீக்கைக்கு அதனை உவமையாக்கின.

மணன்மேடும் அடும்பும் புதைத்து மறைத்தலும் புலவர் கண்டு சொன்னவையே. இன்றும் கண்ணாற் காணலாம். காவல் மட்டும் அவர்தம் நெஞ்சிற் பிறந்தது. நம் கரைகளில் ஆணாமை ஏறுவதில்லை. நூறளவில் முட்டையிட்ட தாயும் அன்றிரவே கடல் புகுந்துவிடும், திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு திங்கள் முட்டைகளை அடைகாப்பது வெயில் ஏறிய மணலே. மணற்சூடு மிகுந்தாற் பெண்ணும், குறைந்தால் ஆணும் பிறக்கும் என்பர் அறிவியலார். புவி வெப்பம் ஏறிவரும் இந்நாளில் இஃது அஞ்சத்தக்க செய்தி.

ஆகவே புலவர் வைத்த காவலனின் இடம் வெற்றிடமாகவே கிடந்தது. பேராமை, அழுங்காமை, ஏழுவரியாமை முதலாக ஐவகைக் கடலாமைகள் இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. 1972 இல் சட்டம் அவை அனைத்துக்கும் பாதுகாப்பளித்தது. ஆயினும் முட்டை தோண்டுதல் நிற்கவில்லை. தோண்டியோர் பெரும்பாலும் ஏழைகள். சட்டம் அவர்தம் அடுப்பை எரிக்காதன்றோ! தங்காலைக்கு அருகே றெக்கவக் கரையில் 1996 இல் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தார் செய்தது எளிய காரியம். முட்டை எடுத்து வாழ்ந்தவர்களையே ஊதியம் கொடுத்துக் காவலராக்கினர். கூடு எங்கேயென்று அவர்களினும் நன்கறிந்தவர் யார்? முட்டை இட்ட இடத்திலேயே இருந்து பொரிந்தது. 2006 இல் அக்கரை சரணாலயமாயிற்று. நப்பசலையார் கற்பனை செய்த காவலன் ஒருவாறு வந்துவிட்டான்.

உக்குவளை மலையூரில் இருப்பவனுக்குக் கடலாமை எதற்கு என்று நண்பர் கேட்பர். எம்மூர்ச் சுதுகங்கையில் எறியும் பொலித்தீன் அம்பன் கங்கை வழியே மகாவலியையும், பின் திருகோணமலைக் கடலையும் அடையக்கூடும். சொறிமீனென்று ஆமை அதனை விழுங்கும். அதனினும் அண்மையானது, எம் பள்ளிகளின் சுற்றுலா. தென்கரைக்குச் செல்லும் மாணவர்களுக்குப் பொரிப்பகமொன்றைக் காட்டுதல் வழக்கமாகிவிட்டது. அவற்றுட் பல, தோண்டுவோரிடம் விலைகொடுத்து வாங்கிய முட்டைகளால் நடப்பன. காட்சிக்காகக் குஞ்சுகள் தொட்டியில் அடைக்கப்படுகின்றன. பிறந்தவுடன் ஆழ்கடல் நோக்கி இடையறாது நீந்துதற்கென இயற்கை தந்த வலுவைத் தொட்டிச் சுவரில் மோதியே அவை இழக்கின்றன. பிறகு பட்டப்பகலில், பறவையும் மீனும் பார்த்திருக்க, மாணவர் கையால் விடப்படுகின்றன. பிள்ளைகள் கைதட்டுகின்றனர்; அவர்கள்மேற் குறையில்லை.

பயணநிரல் எழுதும் ஆசிரியர்களை வேண்டுகின்றேன். காசு கொடுத்துக் குஞ்சைக் கையிலெடுக்கும் அந்த அரைமணி நேரத்தை நிரலிலிருந்து நீக்குங்கள். இயலுமாயின் மூத்த மாணவர்களை இரவில் றெக்கவக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைவிளக்கை அணைத்துவிடுங்கள், கரையொளி குஞ்சுகளைத் திசைமாற்றும். ஆமை வாராமலும் போகலாம். அவ்விரவில் அங்குள்ள காவலர் ஒருவரோடு பேசச் செய்யுங்கள். அகநானூற்றுச் செய்யுளை மறுநாள் வகுப்பில் எடுங்கள்.