தீர்த்தத்திற்கு அளவுண்டா?

போடிநாயக்கனூருக்கும் அதைச் சுற்றியுள்ள மலையடிவாரக் கிராமங்களுக்கும் நாம் பிரசாரத்திற்குப் போகும்போதெல்லாம் ஒரு புகாரைக் கேட்கின்றோம். "குரங்கணி மலையிலே மூலிகை வேரைத் தொட்டுக்கொண்டு இறங்கி வருகிற கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரில் மருந்தைக் கொட்டி நாற அடிக்கிறார்களே, இது நியாயமா?" என்பதுதான் அந்தப் புகார். மருந்து என்று இவர்கள் சொல்லுவது குளோரினை. இப்படிக் கேட்கின்றவர்களே கோயிலுக்குப் போனால், எத்தனையோ பேர் கைபட்ட செம்புத் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கின்றார்கள். அதில் என்ன கலந்திருக்கின்றது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

மலைத் தண்ணீர் தெளிவாயிருக்கலாம். ஆனால் தெளிவு வேறு, சுத்தம் வேறு. மலைமேல் ஆள் இல்லையா? மாடு இல்லையா? தோட்டம் துரவு இல்லையா? ஓடைக்கரையில் வெளிக்குப் போகின்றவர்கள் இல்லையா? ஒரு மழை பெய்தால் அவ்வளவும் ஆற்றுக்குத்தானே வந்து சேர வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு மூலிகையும் தெரியாது, மலைச்சாமியும் தெரியாது.

நம் பாட்டன் காலத்தில் ஊரில் வாந்திபேதி கண்டால் என்ன செய்தார்கள்? காளிக்குக் கோபம் என்று கடா வெட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள். அந்தக் கூழுக்கும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் சேந்தினார்கள்! 1854-ல் லண்டன் நகரில் ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர், செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரு தெருவின் அடிகுழாய்த் தண்ணீர்தான் எமன் என்று காட்டினார். 1884-ல் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானியர் கல்கத்தாவின் குளத்துத் தண்ணீரிலேயே அக்கிருமியைக் கண்டார். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் ஊர்த்தண்ணீர் முழுவதற்கும் இடைவிடாமல் குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். எத்தனை கடா வெட்டியும் நிற்காத சாவு, சுத்தமான தண்ணீருக்குத்தான் நின்றது.

அப்படியானால் குளோரினைக் கும்பிடச் சொல்லுகின்றோமா? இல்லை, அளக்கச் சொல்லுகின்றோம். பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளித் தொட்டியில் தூவிவிட்டுப் போவதானால், அதற்கும் விபூதிக்கும் என்ன வித்தியாசம்? புதுப் பவுடரில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். மூட்டையைத் திறந்து போட்டுவிட்டால் காற்றிலும் வெயிலிலும் ஈரத்திலும் அதுவும் போய்விடும். தண்ணீரில் அழுக்கிருந்தால் அது குளோரினைத் தின்றுவிடும். மிஞ்சியிருக்கும் குளோரின்தான் வழியில் சேரும் கிருமியிடமிருந்து நம்மைக் காக்கும். குழாய் நீள நீள அதுவும் குறைந்துகொண்டே போகும். ஆதலால்தான் 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டுமென்றும், அதைக் குடிக்கின்றவர் முனையில் சோதிக்க வேண்டுமென்றும் கூறுகின்றது. தொட்டியடியில் அளந்து நோட்டில் எழுதி வைத்தால் போதாதென்பது இதன் பொருள்.

குடிக்கின்றவர் முனை என்பது எது? அக்கிரகாரத்துக் குழாயா? தலைவர் வீட்டுக் குழாயா? ஊருக்கெல்லாம் பாய்ந்து கடைசியில் போய்ச் சேரும் குழாய் அநேகமாகச் சேரியில்தான் இருக்கும். அங்கே அளவு சரியாயிருந்தால் ஊரெங்கும் சரியாயிருக்கும். அங்கே அளக்காத ஊரில் ஜாதி தண்ணீரிலும் ஓடுகின்றது என்றுதான் நாம் சொல்லுவோம்.

இது வெறும் பேச்சல்ல. 1927-ல் மகாத் நகரத்தில் டாக்டர் அம்பேத்கரும் அவர் தோழர்களும் ஊர்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். உடனே குளம் தீட்டாகிவிட்டதென்று ஜாதி இந்துக்கள் சாணமும் கோமூத்திரமும் கலந்து மந்திரம் ஓதி அதைச் "சுத்தம்" செய்தார்கள்! மனிதன் கைபட்டால் அழுக்காம். மாட்டுச் சாணம் பட்டால் சுத்தமாம்! 2022 டிசம்பரில் நம் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே அது வெளிப்பட்டது. மலம் கலந்தால் குளோரின் அளவு திடீரென விழும். தினந்தோறும் அங்குள்ள குழாயில் அளந்து பார்க்கும் வழக்கம் இருந்திருந்தால், குழந்தை வயிற்றில் தெரியுமுன்னே ஒரு சிறு சீசாவில் தெரிந்திருக்க வழியுண்டல்லவா?

அந்தச் சோதனைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். சீசாவில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் ரோஜா நிறம் காட்டும். நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தால் அளவு தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யலாம். எந்தப் புரோகிதராவது தம் தீர்த்தத்தின் புண்ணியத்தை இப்படி அளந்து காட்டுவாரா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லுகின்றோம். ஏலத்தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து ஓடையில் கலந்தால் அதைக் குளோரின் நீக்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதையும் கேட்க வேண்டும். விடியுமுன் ஜீப்பேறி மலைக்குக் கூலிக்குப் போகும் தாய்மார்களுக்கு ஓடைத் தண்ணீரே கதி என்று விடாமல், தோட்டக்காரர்கள் காய்ச்சிய தண்ணீர் கொடுக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே! முனிசிபாலிட்டிக்கும் பஞ்சாயத்திற்கும் பத்துப் பேராய்ப் போங்கள். "கடைசித் தெருக் குழாயில் இன்றைக்கு அளவு என்ன?" என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தினமும் அந்தத் தெருவிலேயே பலகையில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் மறுநாளும் போங்கள். கும்பாபிஷேகத்திற்கு வரி பிரிக்க வீடுவீடாக வருகின்றவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்: கலசத்திற்கு ஊற்றப் பணம் இருக்கின்ற ஊரில், சேரிக் குழந்தையின் தம்ளரைச் சோதிக்க ஒரு மாத்திரைக்குப் பணமில்லையா?