கணக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை சட்டமாக வேண்டும்

2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. 'போர்ட்' என்று தட்டி, எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். நிறுவனங்கள் மனமுவந்து கொடுத்த வசதியல்ல இது; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியாக்கியதால் வந்தது. அதே கைபேசியில் உள்ள சமூக ஊடகக் கணக்குகளுக்கு இந்த உரிமை கிடையாது. பல ஆண்டு உரையாடலையும் நட்பு வட்டத்தையும் கைவிட்டால்தான் தளத்தைவிட்டு வெளியேற முடியும். இந்த நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

"தரவைப் பதிவிறக்கலாமே" என்று நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. பதிவிறக்கிப் பாருங்கள். ஒரு ஸிப் கோப்பு வரும். பிரித்தால் கோப்புறைக்குள் கோப்புறையாக ஜேசான் வடிவத் தரவுக் கோப்புகள். படங்களைப் பார்க்கலாம். ஆனால் நண்பர்களோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்க்குட் சமூக ஊடகத் தளம் மூடப்பட்டபோதும் இதுதான் நடந்தது. படங்களை எடுத்துக்கொள்ள அவகாசம் இருந்தது. அங்கே கூடியிருந்த குழுக்கள் சிதறிப்போயின.

வலை இப்படிப் பிறக்கவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலைத் தொழில்நுட்பத்தை செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று உரிமத்தொகையின்றி எல்லோருக்கும் பொதுவாக்கியது. பின்னாளில் சில நிறுவனங்களின் வழங்கிகளில் உலகம் அடைபட்டதைக் கண்டு, அதே பெர்னர்ஸ்-லீ 'சாலிட்' திட்டத்தைத் தொடங்கினார். அதில் தரவு பயனரின் சொந்தக் கிடங்கில் இருக்கும். செயலிகள் அனுமதி பெற்று அங்கே வரும், அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 2018-ல் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் இயங்கும் மாஸ்டடான் சமூக ஊடகத்தில், வழங்கியை மாற்றினாலும் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வருவதில்லை. அது இன்னும் தீராத குறை. வழங்கிகளை நடத்தும் தன்னார்வலர்களுக்குச் செலவும் பொறுப்பும் அதிகம் என்பதும் உண்மை. பொது நிதி தர வேண்டிய இடம் அதுதான் என்கிறோம்.

தொழில்நுட்பம் ஓரளவு கைகூடிவிட்டது. பின்தங்கி நிற்பது நம் சட்டம். தரவுப் பாதுகாப்புக்காக அமைக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் தந்த வரைவிலும் 2019 மசோதாவிலும் தரவைப் பெயர்த்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம். இன்னொரு சேவைக்கு மாற்றித் தரும்படி கேட்க முடியாது. ஐரோப்பியர்களுக்கு 2018 முதலே இவ்வுரிமை இருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகள், பிற செய்திச் சேவைகள் கோரினால் அவற்றோடு இணைந்து இயங்க வேண்டும் என்று அங்கே தனிச் சட்டமும் உண்டு.

கைவிடப்பட்ட அந்தப் பிரிவை 2023 சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். செய்திச் சேவைகளின் இணைந்தியக்கத்தையும் கட்டாயமாக்க வேண்டும். அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் எந்த அறிவிப்பையும் முதலில் சொந்தத் தளத்தில் வெளியிட வேண்டும். தேர்வுத் தேதியை அறிய ஒரு மாணவர் தனியார் தளத்தில் கணக்குத் தொடங்க நேர்வதை ஏற்க முடியாது.

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்கான திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாசகர்களும் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதுங்கள்.