சிட்டா நம்முடையது, பொறுப்பு யாருடையது?



எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் நமக்குக் காண்ட்ராக்ட் முறை புதுசு இல்லை. அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் காண்ட்ராக்டர் கையில்தான் வேலை பார்க்கிறார்கள். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடிப்போனால் யார் கொடுப்பது? வேலை வாங்கின முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்றது 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. நடைமுறையில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் "காண்ட்ராக்டரைப் போய்க் கேளு" என்று சொல்லிக் கேட்டைச் சாத்த சட்டத்தில் இடம் இல்லை.

இன்றைக்குக் கூலி வேலை மட்டுமல்ல, நம்ம காகிதமும் காண்ட்ராக்டுக்குப் போகிறது. 2025ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். ஆதார், செல்போன் நம்பர், நில விவரம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது. பயிர்க்கடன், இன்சூரன்ஸ், மானியம் என்று எதுக்குப் போனாலும் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். வாங்குவது துறையோ வங்கியோ. கம்ப்யூட்டரில் ஏற்றுவது பல இடங்களில் வெளி ஆள். அவர் யாருக்குப் பதில் சொல்கிறவர் என்று நமக்குத் தெரியாது.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் 2020ஐ நினைத்துப் பாருங்கள். வருடம் 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டத்தில், தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பேர்கள் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போச்சு. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில்தான் பெரும் கூத்து. எப்படி நடந்தது? அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்கள் கைக்கும் தனியார் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போயிருந்தது! கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரும் பாஸ்புக்கும் கொடுத்த ஏழைகளின் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். பூட்டின் சாவியை ஊருக்குக் கொடுத்தவன் வேறு, தண்டம் கட்டியவன் வேறு.

இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரத்தை வாங்கியவர்தான் பொறுப்பு என்கிறது. வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம். விவரம் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். நல்ல விஷயம், வரவேற்கிறோம்.

ஆனால் அந்த அபராதம் யாருக்குப் போகிறது? மத்திய அரசின் கஜானாவுக்கு! பேரும் பணமும் பறிகொடுத்த விவசாயிக்கு ஒரு பைசா கிடையாது. அதுமட்டுமா? கம்பெனியின் அலட்சியத்தால் நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையே இந்தச் சட்டம் நீக்குகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். மாடு ஒருவனுடையது, பட்டி அபராதம் வேறொருவன் பைக்கு என்றால் இது என்ன நியாயம்?

ஆகவே நாம் கேட்பது:

1. விவசாயியின் விவரத்தை எந்த ஏஜென்சி கையாள்கிறது என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் தமிழில் பலகை வை!

2. விவரம் கசிந்தால் வீட்டுக்குத் தமிழில் கடிதம் அனுப்பு!

3. அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்ட விவசாயிக்கு இழப்பீடு கொடு! 43ஏ பிரிவை நீக்காதே!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஜெராக்ஸ் கொடுக்கும்போது குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதித் தேதி போடுங்கள். ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள். ரசீது கேளுங்கள். "ஏஜென்சியைக் கேளு" என்று யார் சொன்னாலும், "காகிதம் வாங்கியது நீங்கதானே?" என்று ஒரே குரலில் திருப்பிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். சங்கமாகக் கேட்போம், வாருங்கள்!