மஞ்சள் ஜெர்சியும் பென்ஸ் காசும்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் முதலாவதாக வருபவருக்கு 5 லட்சம் யூரோ பரிசு. 21 கட்டங்கள், 3,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், இடையில் இரண்டே இரண்டு ஓய்வு நாள். இவ்வளவும் ஓடி வென்றவர் அந்தப் பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வதில்லை. தன் அணியில் தன்னோடு ஓடிய மற்ற ஏழு பேருக்கும், சக்கரம் மாற்றிக் கொடுத்தவருக்கும், இரவில் கால் பிடித்துவிட்டவருக்கும் அது பங்காகப் போய்விடுகிறது. விதிப்புத்தகம் இப்படிக் கேட்கவில்லை, பழக்கம் கேட்கிறது. பரிசைப் பிரிக்காத தலைவனுக்காக அடுத்த வருடம் யாரும் மனதார மிதிக்க மாட்டார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மலையகத்தில் 'தலைமை', 'கட்டுப்பாடு', 'ஒற்றுமை' என்ற சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். பரிசைப் பிரிக்கும் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் சைக்கிள் ஓட்டம் தனியாள் விளையாட்டு. உள்ளே அது எட்டுப் பேர் சேர்ந்து ஒருவரை மேலேற்றும் வேலை. காரணம் காற்று. சமதரையில் வேகமாகப் போகிறவரின் பலத்தில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். முன்னால் ஒருவர் காற்றைப் பிளந்துகொண்டு போனால், அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஆகவே ஐந்து மணி நேர ஓட்டத்தில் நான்கு மணி நேரம் தலைவர் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியே வருகிறார். முதுகு கொடுப்பவர்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. அணியின் கார் வரும் இடம்வரை பின்வாங்கி, தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தைப் பிடித்து முன்னே வந்து ஆளாளுக்குக் கொடுக்க வேண்டும். தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தர வேண்டும். ஏற்றம் தொடங்கியதும் மூச்சு முட்டும்வரை முன்னால் இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்கியவர் அன்றைக்கு எத்தனையாவதாக வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டூரின் புகழ்பெற்ற அல்ப் துவெஸ் ஏற்றம் முடியும் இடமும் ஏறத்தாழ அதே உயரம்தான். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்குப் பாரத்தோடு சைக்கிளை மிதித்து ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த உதவியாளருக்குப் பிரெஞ்சில் 'தொமெஸ்தீக்' என்று பெயர். வீட்டு வேலைக்காரன் என்று பொருள். பெயர் வைத்தது போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச். 1911இல் மொரிஸ் புரோக்கோ என்ற வீரர் கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு உதவப் பார்த்தபோது, ஏளனமாக வீசிய சொல் அது. வசைச்சொல் நாளடைவில் பதவிப் பெயராகிவிட்டது. 'கூலி' என்ற சொல்லின் வரலாறு தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1934இல் இருபது வயது ரெனே வியெத்தோ, தன் அணித் தலைவர் அந்தோனின் மாஞ்ஞுக்கு முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீதியோரக் கட்டில் உட்கார்ந்து அழுத படம் இன்றும் அச்சாகிறது. மாஞ் போட்டியை வென்றார், வியெத்தோ ஐந்தாவதாக வந்தார். 1952இல் அந்திரேயா கரேயா என்ற இத்தாலியத் துணைவீரருக்கு முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி எதிர்பாராமல் வந்து சேர்ந்தது. மகிழ வேண்டிய மனிதர் அழுதார். தலைவர் பௌஸ்தோ கோப்பி என்ன நினைப்பாரோ என்ற பயம். கோப்பி அவரை வாழ்த்தினார், மறுநாள் அல்ப் துவெஸ் உச்சியில் ஜெர்சியைத் தானே எடுத்துக்கொண்டார். ஆக, இந்த விளையாட்டின் படிநிலையைப் புனிதமாக்கிப் பேச ஒன்றும் இல்லை. அதில் அவமானமும் பயமும் இருந்திருக்கின்றன. ஆனாலும் கோப்பியின் காலத்திலும் சரி, இன்றும் சரி, வெற்றிப் பணம் மேலிருந்து கீழேதான் வந்திருக்கிறது.

மலையகத்தில் கூட்டமாக உழைப்பதும் கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருப்பதும் தேயிலைக்கும் முந்திய கதை. கோப்பித் தோட்டங்களின் காலத்திலேயே ஊரிலிருந்து உறவையும் சாதிசனத்தையும் திரட்டிக்கொண்டு வந்தவர் கங்காணி. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அதற்குக் கீழே ஆட்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று தோட்டம் கங்காணிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. தலைக்காசு என்றும் பென்ஸ் காசு என்றும் அதைச் சொன்னார்கள். கொழுந்து எடுத்தவள் ஒருத்தி, மலையேறியவள் அவளே, அவள் ஏறியதற்காகக் கீழே நின்றவருக்கு ஒரு வரும்படி. காய்ச்சலில் அவள் லயத்தில் படுத்துவிட்டால் கங்காணிக்கு நட்டம். ஆகவே அவளைப் பெரட்டுக்கு எழுப்பிவிடுவதில் அவருக்கு இருந்த அக்கறை எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். போதாததற்குக் கடன். ஊரிலிருந்து வரும்போது வாங்கிய முற்பணம் ஆளின் பேரில் ஏறி நிற்கும். 'துண்டு' என்ற சீட்டில் எழுதிய அந்தக் கடனை இன்னொரு தோட்டம் அடைத்தால்தான் ஆள் இடம் மாற முடியும். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. கங்காணியின் பிடி அதோடு விட்டுவிடவில்லை. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யர், துரைமாரோடு மட்டும் மோதவில்லை, பெரிய கங்காணிகளோடும் மோத வேண்டியிருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கூட்டத்தில் தலைவர் ஒருவரும் உழைப்பவர் பலரும் இருப்பதை வைத்து அந்த அமைப்பு நியாயமானதா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. பணமும் பெயரும் எந்தப் பக்கம் பாய்கின்றன, இன்றைக்கு முதுகு கொடுத்தவர் நாளை முன்னால் போக வழி இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். சைக்கிள் அணியில் பணம் கீழே பாய்கிறது, வழியும் திறந்திருக்கிறது. 2012இல் பிராட்லி விக்கின்ஸுக்காக லா துசுயிர் ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து நின்ற கிறிஸ் புரூம், அடுத்த வருடம் அதே அணியின் தலைவராக வென்றார். புரூமுக்குப் பல வருடம் உழைத்த ஜெரெய்ன்ட் தோமஸ் 2018இல் வென்றார். 2018இல் அவர்களுக்கு மலையில் இழுத்துக் கொடுத்த ஏகான் பெர்னால் 2019இல் வென்றார். தோட்டத்தின் ஏணியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெரிய தொரை, சின்ன தொரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி, பிறகு கூடை. கூடையைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் கொழுந்தை நிறுப்பவரும், கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கணக்கு) போடுபவரும் இன்னும் பெரும்பாலும் ஆண்களே. முப்பது வருடம் கொழுந்து எடுத்த பெண் முப்பத்தோராவது வருடமும் அதே மலையில் அதே நிரையில் நிற்கிறாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்ற ஒன்றே 1984இல்தான் வந்தது.

விளையாட்டையும் வயிற்றுப்பாட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். உலக முதல்தர அணி ஒன்றில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் வீரருக்கே வருடத்துக்கு 30,000 யூரோவுக்கு மேல் உறுதி இருக்கிறது. பிடிக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு அணிக்குப் போகிறார். லயத்து அறையும் தொழிலும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் அப்படிப் போக முடியாது. ஒப்பீடு இந்த இடத்தில் நொண்டுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நொண்டல் என் வாதத்தைக் குறைக்கவில்லை. வேண்டாமென்றால் விட்டுப் போகக்கூடியவருக்கே தலைவர் இவ்வளவு கடமைப்பட்டிருக்கிறார் என்றால், விட்டுப் போக முடியாதவருக்கு அவர் எவ்வளவு கடமைப்பட்டவர்? (காருக்குள் இருந்துகொண்டு வானொலியில் 'இன்னும் இழு, இன்னும் இழு' என்று சொல்லும் அணி இயக்குநரைப் பார்க்கும்போது நம் ஊர்த் தொரையின் ஜீப் நினைவுக்கு வருவதையும் சொல்லிவிடுகிறேன். சில ஒப்புமைகள் தானாக அமைகின்றன.)

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வலுவான தலைமை இல்லாமல் இந்தச் சமூகம் எதைப் பெற்றது என்பது அது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது. அப்படி எண்ணப்பட்டு மிஞ்சியவர்களுக்காக, 1986 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் அழைப்பில் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. காலையில் வேலைக்கு இறங்காமல் கும்பிட உட்கார்ந்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது, குடியுரிமைச் சட்டமும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்காராமல் இது நடந்திருக்காது. கட்டுப்பாடு வேண்டாம் என்று வாதிடுபவர்கள் அந்த ஜனவரியை மறந்துவிட்டுப் பேச முடியாது. அதே 1986 யூலையில் பிரான்சில் என்ன நடந்தது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. முந்தைய வருட டூரில் தன் அணித் தலைவர் பெர்னார் இனோவுக்காகக் கிரெக் லெமொண்ட் தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்தார். அடுத்த முறை உனக்கு நான் உழைப்பேன் என்று இனோ வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தவரே ஓட்டத்தில் திரும்பத் திரும்பத் தாக்கினார். லெமொண்ட் வென்றார், ஆனால் தன் அணித் தலைவரையே எதிர்த்து வெல்ல வேண்டியிருந்தது. முன்னதில் தலைவர் கூட்டத்தின் உழைப்புக்குப் பதில் பெற்றுத் தந்தார். பின்னதில் தலைவர் கடனை மறந்தார். இரண்டிலும் இருந்தது படிநிலைதான்.

அப்படியானால் 1986க்குப் பிறகான கணக்கு என்ன? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அதன்பின் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. ஒருபக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் கையெழுத்திடும் உரிமை பெற்ற சில சங்கங்கள். நாளுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016 ஒக்டோபரில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா என்று கையெழுத்தானது. 2019 ஜனவரியில் 700. ஆயிரம் ரூபா கேட்டுக் கொழும்பு காலிமுகத்திடல் வரை போய் நின்ற மலையக இளைஞர்களுக்கு அந்த 700 எப்படி இருந்திருக்கும்? கடைசியில் 1,000 ரூபா 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது, ஒப்பந்த மேசையிலிருந்து வரவில்லை. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. கூட்டு ஒப்பந்தம் இருந்த வருடங்களில் சங்கச் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. பென்ஸ் காசையும் சந்தாவையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். கங்காணியைத் தொழிலாளி தெரிந்தெடுக்கவில்லை, சங்கத்தை அவர் தெரிந்தெடுக்கிறார். ஆனால் பணம் பாயும் திசை அதே திசை. அந்தத் திசையை நியாயப்படுத்த ஒரே வழி, மேலிருந்து அதைவிடப் பெரியது திரும்பி வருவதுதான்.

தலைவரைக் கேள்வி கேட்டால் ஒற்றுமை குலையும் என்ற பயம் மேடைகளில் அடிக்கடி விற்பனையாகிறது. 2023 ஸ்பெயின் சுற்றில் நடந்ததைப் பார்க்கலாம். அந்த வருடம் செப் குஸ் என்ற அமெரிக்க மலையேற்ற வீரர், இத்தாலியில் பிரிமோஸ் ரோக்லிச்சுக்கும் பிரான்சில் யோனாஸ் விங்ககோருக்கும் துணையாக உழைத்து இருவரையும் வெல்ல வைத்திருந்தார். ஸ்பெயினில் முன்னிலைக்குரிய சிவப்பு ஜெர்சி அவர் தோளுக்கு வந்தது. அங்லிரு என்ற கொடூரமான ஏற்றத்தில், ஜெர்சி அணிந்த அவரை விட்டுவிட்டு அந்த இரண்டு தலைவர்களும் முன்னே போனார்கள். வேறு அணிக்காரரான மிக்கெல் லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் குஸ் மேலே வந்து சேர்ந்தார். அன்று மாலை விங்ககோரைவிட அவருக்கு இருந்த முன்னிலை 8 செக்கன். பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாள் முதல் இரண்டு தலைவர்களும் குஸ்ஸுக்காக மிதித்தார்கள். மத்ரித்தில் குஸ் முதலாவது, விங்ககோர் இரண்டாவது, ரோக்லிச் மூன்றாவது. கேள்வி கேட்டதால் அந்த அணி உடையவில்லை. மூன்று பெரிய சுற்றுக்களையும் ஒரே வருடத்தில் வென்ற முதல் அணி அதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 பெண்கள் டூரின் ஐந்தாம் கட்டத்தில் மஞ்சள் ஜெர்சியோடு இருந்த டெமி வொலரிங் விழுந்தார். அணியின் பலசாலிகள் சிலர் முன்னே போய்விட்டார்கள். அன்றைய கட்டத்தை வென்றதே அவருடைய அணித்தோழி ஒருத்தி. அந்த ஒரு நாளில் போன நேரத்தை மீட்க முடியாமல், மொத்தப் போட்டியை வொலரிங் 4 செக்கனில் இழந்தார். கீழே இருப்பவர்கள் நிற்காத ஒரு நாள் போதும், எவ்வளவு பெரிய தலைமையும் 4 செக்கனில் போய்விடும். ஹட்டனில் அலுவலகம் வைத்திருக்கும் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்கவேண்டியவை பெரியவை இல்லை. வருடச் சந்தா எவ்வளவு சேர்ந்தது, எதில் செலவானது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் எழுதி ஒட்டலாம். கொழுந்து எடுப்பவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, தோட்டக் கமிட்டியிலும் பேச்சுவார்த்தை மேசையிலும் அத்தனை பங்கு பெண்கள் உட்காரலாம். அனுபவமுள்ள பெண்களைக் கங்காணி வேலைக்கு எடுக்கச் சொல்லித் தோட்டத்தை வற்புறுத்தலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று: அடுத்த முறை சம்பள நிர்ணய சபைக்குப் போகும் கோரிக்கை எதுவானாலும், தலைவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, பெரட்டுக்களத்தில் வைத்து அதை எல்லோரும் கேட்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.